ஊர்ப்பிடாரியும் ஒண்ட வந்த பிடாரியும்

(திருவனந்தபுரத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பாக ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்தின் பொருளை நோட்டீசில் பார்த்துவிட்டுச் சிலர் எங்களிடம் வந்து சிரித்தார்கள். "பந்தய மைதானத்தின் மேல் பக்கத்து வீட்டுக்காரர்கள் போடும் வழக்கைப் பற்றி நமக்கு என்ன பேச்சு? நாம் காரோட்டிப் பந்தயம் விட்டோமா, குதிரைமேல் பணம் கட்டினோமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். காலையில் எழுந்தால் மாலைக்குள் கூலி கைக்கு வந்தாக வேண்டும் என்று வாழ்கிற குடும்பங்கள் நாம். பந்தயம் நம் பிழைப்பல்ல. ஆயினும் அந்தப் பந்தய மைதானத்தின் கதைக்குள் நம் பட்டறையின் கதை ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

நம்மில் ஆறு குடும்பங்கள் ஒரே டிங்கரிங் பட்டறையை நம்பி இருக்கின்றன. அது 20 ஆண்டுகளுக்கு மேலாக அதே இடத்தில் நடக்கிறது. தொடங்கியபோது பக்கத்தில் தென்னந்தோப்பு; அதற்கப்பால் சதுப்பு. சுத்தியல் சத்தத்தைக் கேட்கக் காக்கையைத் தவிர ஆள் கிடையாது. பின்னர் தோப்பு விற்கப்பட்டது, தென்னை விழுந்தது, எட்டு மாடிக் கட்டிடம் எழுந்தது. குடிவந்தவர்கள் சங்கம் அமைத்தார்கள். தகரம் தட்டும் சத்தம், பெயிண்ட் நெடி, வெல்டிங் புகை என்று மனு எழுதிக் கொடுத்தார்கள். ஒருநாள் நோட்டீஸ் வந்தது. பட்டறை முதலாளி அதை மடித்து மேசை டிராயரில் வைத்துவிட்டு, "நாம்தான் முதலில் வந்தோம்; அவர்கள் தெரிந்தேதான் வீடு வாங்கினார்கள்; எந்தக் கோர்ட்டிலும் நமக்குத்தான் ஜெயம்" என்றார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டுவதா என்று நம் தோழர்களும் ஆத்திரப்பட்டார்கள். பதில் எழுதப்படவில்லை. பட்டறை மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. முதலாளிக்கு வாடகை வரும் கடை வேறு இருந்தது. நம் ஆறு வீட்டிலும் அடுப்பு தள்ளாடியது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து படித்தோம், விவரம் தெரிந்த வழக்கறிஞர்களைக் கேட்டோம். "முதலில் வந்தோம்" என்ற வாதம் நிற்குமா? நின்றால் எவ்வளவு தூரம் நிற்கும்? கேட்டறிந்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

மில்டன்ஹால் மைதானம்

இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்தில் மில்டன்ஹால் என்றோர் ஊர். அங்கே 1975இல் அனுமதி வாங்கி ஒரு மோட்டார் பந்தய மைதானம் கட்டினார்கள். முதலில் மோட்டார் சைக்கிள் பந்தயம், பிறகு பழைய கார்களை மோதவிட்டு ஓட்டும் பந்தயம். 1992இல் அதன் பின்னால் மண் மேட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் தடமும் வந்தது. சுற்றிலும் வயல். அரை கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டை 2006இல் இருவர் விலைக்கு வாங்கினார்கள். வந்த சில மாதங்களுக்குள் சத்தம் தாங்கவில்லை என்று முறையிட்டார்கள். பின்னர் வழக்கும் போட்டார்கள்.

மைதானத்துக்காரர்கள் என்ன சொன்னார்கள்? நம் பட்டறை முதலாளி சொன்னதையேதான்! "முப்பது வருடமாக ஓடுகிற மைதானம் இது. அனுமதி இருக்கிறது. தெரிந்தே வந்து வாங்கிவிட்டு எங்களை நிறுத்தச் சொல்வது என்ன நியாயம்?" என்றார்கள். வழக்கு கீழ்க் கோர்ட்டில் ஒரு விதமாகவும், அப்பீலில் வேறு விதமாகவும் தீர்ந்து, கடைசியில் 2014 பிப்ரவரியில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஜெயித்தவர்கள் வீடு வாங்கியவர்கள்.

அந்தத் தீர்ப்பின் சாரத்தை நான்கு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஒன்று: தொல்லை இருக்கும் இடத்துக்குத் தேடி வந்தவர் என்பதனால் மட்டும் ஒருவர் தன் உரிமையை இழந்துவிட மாட்டார். இரண்டு: சர்க்கார் அனுமதி கொடுத்துவிட்டது என்பதனால் மட்டும் அண்டை வீட்டாரின் உரிமை போய்விடாது. மூன்று: 20 ஆண்டுக்காலம் இடைவிடாமல், ஒளிவு மறைவின்றி, அண்டையாருக்குத் தொல்லையாகவே ஒன்றைச் செய்துவந்திருந்தால் அதைத் தொடரும் உரிமை பிறக்கலாம், ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் செய்பவர் தலையில். மைதானத்துக்காரர்களால் நிரூபிக்க முடியவில்லை. நான்கு: ஒவ்வொரு வழக்கிலும் "நிறுத்து" என்று உத்தரவிட வேண்டிய கட்டாயமில்லை, பொது நலனையும் சீர்தூக்கிப் பார்த்து, நிறுத்துவதற்குப் பதிலாக நஷ்டஈடு கொடுக்கச் சொல்லவும் கோர்ட்டுக்கு இடமுண்டு. இந்த நான்காவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளிக்கு மூச்சுவிடும் சந்து அங்கேதான் இருக்கிறது.

இது புதிதாக வந்த சட்டமும் அல்ல. 1879இல் லண்டனில் ஒரு மிட்டாய்க்காரர் மீது ஒரு டாக்டர் போட்ட வழக்கு பிரசித்தம். மிட்டாய்க்காரர் 20 ஆண்டுகளுக்கு மேலாகச் சமையலறையில் பெரிய உரல்களில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு டாக்டர் தன் தோட்டத்தின் கோடியில், அந்தச் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்கும் அறை ஒன்று கட்டினார். கட்டிய பிறகுதான் உரல் சத்தம் அவருக்குத் தொல்லையாயிற்று. கோர்ட் டாக்டர் பக்கம் நின்றது. அறை கட்டப்படும் வரை சத்தம் யாருக்கும் தொல்லையாக இல்லை. ஆகவே 20 ஆண்டுக் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது என்றது. முறுக்கு மாவு இடிக்கும் தாய்மார்கள் இதைக் கவனியுங்கள். தென்னந்தோப்புக்குக் காது இல்லை. எட்டு மாடி வந்த பிறகுதான் நம் கணக்கும் தொடங்குகிறது!

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டிலும் வழி இதுதான். 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம் தனியாருக்கு இடையிலான விவகாரத்தில் 20 ஆண்டுக் கணக்கைச் சொல்கிறது. ஆனால் தொல்லை பலரைப் பாதிக்கும் பொதுத்தொல்லையாக இருந்தால் எத்தனை ஆண்டு நடத்தினாலும் உரிமை பிறக்காது. நாலு பேருக்கு வசதியோ ஆதாயமோ தருகிறது என்பதற்காகவும் பொதுத்தொல்லைக்கு மன்னிப்பில்லை. இது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 268ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 270ஆம் பிரிவில் இருக்கிறது.

தொல்லை தரும் தொழிலை நிறுத்தவோ ஒழுங்குபடுத்தவோ உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 133ஆம் பிரிவு. புதிய சட்டத்தில் 152. முதலில் வருவது நிபந்தனை உத்தரவு. குறித்த நாளில் போய், "எங்கள் பக்கம் இது" என்று சொல்ல நமக்கு இடம் உண்டு. போகாவிட்டால் அந்த உத்தரவே உறுதியாகிவிடும். டிராயரில் மடித்து வைத்த காகிதம் நம் கழுத்துக்குக் கயிறாவது இப்படித்தான்.

இந்தப் பிரிவின் கீழ் ஒரு ரொட்டிக் கடைக்காரர் வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. அவருடைய அடுப்பும் புகைபோக்கியும் தெருவாருக்குக் கேடு என்று மாஜிஸ்திரேட் தீர்மானித்தார். அந்த அடுப்பும் புகைபோக்கியும் கூடாது என்பதை உச்சநீதிமன்றம் ஏற்றது. ஆனால் அந்த இடத்தில் ரொட்டித் தொழிலே நடத்தக்கூடாது என்ற அளவுக்கு உத்தரவு போகத் தேவையில்லை என்று திருத்தியது. தொல்லையை நிறுத்துவது வேறு, தொழிலை நிறுத்துவது வேறு. இந்த வேறுபாட்டை நாம் எங்கு போனாலும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

லாபம் யாருக்கு, பாரம் யாருக்கு?

அப்படியானால் வயல் நடுவே மைதானம் கட்டியவனும், தோப்புக்கருகில் பட்டறை வைத்தவனும் ஏமாளிதானா? ஊர் வளர வளர அவன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா? மோட்டார் பந்தயம் நம் தமிழ்நாட்டிலும் இப்படி இடம் மாறியிருக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகு 1990இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனி மைதானம் வந்தது. பின்னர் பந்தயமே ஊருக்குள் வந்தது. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளிலேயே கார் பந்தயம் ஓடியது. பெரிய ஆஸ்பத்திரி அருகில் இருக்கிறது, சத்தம் நோயாளிகளைப் பாதிக்கும் என்று உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. அங்கே ஊர்ப்பிடாரி குடியிருப்பவர்கள். ஒண்ட வந்தது பந்தயம். ஆகவே யார் முந்தி, யார் பிந்தி என்பது எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை.

அமெரிக்காவில் பழைய பந்தய மைதானங்களின் உரிமையாளர்கள் கேட்பது என்னவென்றால், "முதலில் நாங்கள் இருந்தோம் என்று காட்டினால், பின்னால் வந்தவர் தொல்லை வழக்குப் போடவே கூடாது என்று சட்டம் செய்யுங்கள்" என்பது. விவசாயத்துக்கு அங்கே ஐம்பது மாநிலங்களிலும் இப்படிப்பட்ட பாதுகாப்புச் சட்டம் உண்டு. மாட்டுத் தொழுவத்துக்கு அருகில் பங்களா கட்டிவிட்டுச் சாண நாற்றம் என்று விவசாயியைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதபடி செய்தார்கள். அந்தப் போர்வையை எங்களுக்கும் போர்த்துங்கள் என்கிறார்கள் மைதானத்துக்காரர்கள்.

இதைவிட நுணுக்கமான ஒரு தீர்ப்பு 1972இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வந்தது. பெரிய மாட்டுப் பண்ணை ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. ஒரு கட்டிடக் கம்பெனி, ஓய்வு பெற்றவர்களுக்கென்று புதிய நகரம் அமைத்துக்கொண்டே வந்து பண்ணையை நெருங்கியது. ஈயும் நாற்றமும் தாங்காமல் வழக்கு வந்தது. கோர்ட் என்ன செய்தது? குடியிருப்பவர்களின் ஆரோக்கியம் முக்கியம், பண்ணை அகல வேண்டும் என்றது. அதே மூச்சில், ஜனங்களை அங்கே கொண்டுவந்து வைத்து லாபம் பார்த்தது கட்டிடக் கம்பெனி. ஆகவே பண்ணையை இடம் மாற்றும் செலவை அந்தக் கம்பெனியே ஏற்க வேண்டும் என்றும் சொன்னது!

தோழர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், நியாயத்தின் நாடி எங்கே துடிக்கிறது? பட்டறைத் தொழிலாளியும் பிளாட்டுக்காரரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கையில், இருவருக்கும் நடுவிலிருந்து பணத்தை எண்ணிக்கொண்டு போனவர் ஒருவர் இருக்கிறாரே, அவரை ஏன் யாரும் கேட்பதில்லை? தோப்பை வாங்கி, பிளாட்டாக்கி, "அமைதியான சூழல்" என்று விளம்பரம் செய்து விற்றவரை எந்த நோட்டீசும் தேடிப் போகவில்லை. இங்கிலாந்தில் 2018 முதல் அரசின் நகரமைப்புக் கொள்கையிலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கோ பாட்டுக் கச்சேரி மண்டபத்துக்கோ பக்கத்தில் புதிதாகக் கட்ட வருபவர், சத்தம் உள்ளே வராதபடி தடுக்கும் ஏற்பாட்டைத் தம் செலவில் செய்தாக வேண்டும். மாறுதலைக் கொண்டு வருபவரே அதன் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்பது அதன் தத்துவம்.

முந்தி வந்தவர் வாதமும் நாமும்

இனி நாங்கள் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். "முதலில் வந்தவருக்கே முழு உரிமை" என்ற கோஷத்தை நாம் தூக்கிப் பிடிக்கலாமா? கூடாது என்பது எங்கள் கருத்து. ஏனென்றால் அந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். பஸ்ஸில், வாடகை வீட்டு வாசலில், ரேஷன் கடை வரிசையில், "நீங்கள் பிற்பாடு வந்தவர்கள்தானே" என்ற சொல் நம்மில் யார் காதில் விழவில்லை? ஒண்ட வந்த பிடாரி என்று நம்மையல்லவா சொன்னார்கள்? புலம்பெயர்ந்து வந்த தொழிலாளி, முந்தி வந்தவனுக்கே உரிமை என்று கோர்ட்டில் ஒருநாள் வாதாடினால், மறுநாள் அதே வாதம் அவன் முதுகில் விழும்.

இந்த நகரத்தின் சரித்திரத்தைப் பாருங்கள். சாலைக் கடைவீதியை அமைத்தவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ். அந்தக் கடைவீதியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வியாபாரியும் தமிழ்ச் சுமைக்காரரும் இருக்கிறார்கள். நாகர்கோவில், தக்கலைப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பாட்டன்மார் இதே திருவிதாங்கூரின் பிரஜைகள். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அன்று அவர்கள் வீட்டை விட்டு ஓரடிகூட நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. மறுநாள் காலையில் திருவனந்தபுரத்தில் அவர்கள் அயல் மாநிலத்தார்! முந்தியும் பிந்தியும் கோடு போடுகிறவன் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? தலைமைச் செயலகத்துக்கு அருகிலுள்ள செங்கல்சூளை, இன்று ராஜாஜி நகர், தன் பெயரில் மட்டும் சூளையை வைத்திருக்கிறது. சூளை போய்விட்டது, மனிதர்கள் இருக்கிறார்கள். யார் முந்தி என்று அங்கே சூளையிடம் போய்க் கேட்பதா?

இன்னொன்று. தொல்லைச் சட்டம் ஏழைக்கு எதிரி மட்டுமல்ல. பல சமயம் ஏழைக்கு அதுதான் துணை. 1980இல் மத்தியப்பிரதேசத்தின் ரத்லம் நகர வழக்கை நினைத்துப் பாருங்கள். திறந்த சாக்கடையும் சாராய ஆலைக் கழிவும் சூழ வாழ்ந்த ஜனங்கள் இதே 133ஆம் பிரிவைக் கையில் எடுத்தார்கள். பணமில்லை என்று நகராட்சி கைவிரித்தது. பணமில்லை என்பது சாக்காகாது, சாக்கடையைக் கட்டிக் கொடு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957இல் கேரளத்தின் முதல் மந்திரிசபையில் அமைச்சராக இருந்தவர்.

நம் நகரத்துக்கு அருகிலேயே விளப்பில்சாலை இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் நகரத்தின் குப்பையைச் சுமந்துகொண்டு தொழிற்சாலை அந்தக் கிராமத்துக்குப் போனது. நாற்றமும் கழிவுநீரும் தாங்காமல் கிராமத்தார் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2011 டிசம்பரில் பஞ்சாயத்தே கதவைப் பூட்டியது. 2012இல் போலீஸ் துணையோடு வந்தும் ஜனங்கள், முக்கியமாகப் பெண்கள், வழிவிடவில்லை. அங்கே முந்தி இருந்தவர்கள் குடியிருப்பவர்கள். நாளை ஒருநாள் நம் குடிசை வாசலில் ஒரு புகை ஆலை வந்தால், நாமும் அந்தச் சட்டத்தைத்தான் பற்றிக்கொள்ள வேண்டும். அதை மட்டுமா? நேற்றுப் பிறந்த குழந்தை எல்லாருக்கும் பிந்தி வந்ததுதான். அதன் நுரையீரலுக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஆகவே முந்தி வந்தவர் யார் என்பது ஒரு கேள்விதான், அதுவே முடிவல்ல. கேடு எவ்வளவு? அதைக் குறைக்க வழியுண்டா? குறைக்கும் செலவைத் தாங்கக் கூடியவர் யார்? இரு தரப்பையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து லாபம் பார்த்தவர் யார்? நிறுத்தினால் சோறு இழப்பவர் யார்? இவற்றையும் சேர்த்துத்தான் நியாயம் பார்க்க வேண்டும்.

கடைசிக் கேள்வியை இந்த வழக்குகளில் யாரும் கேட்பதே இல்லை. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தைப் பாருங்கள். 1777இலிருந்து பந்தயம் நடந்த இடம். 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. வழக்கு இழுத்து இழுத்து, 1996இல் இது சூதாட்டமல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்சநீதிமன்றத்தில் கிளப் ஜெயித்தது. பிறகு 2024 செப்டம்பரில், 1945ஆம் ஆண்டின் குத்தகையை அரசு ரத்து செய்து 160 ஏக்கருக்குச் சீல் வைத்தது. காரணம் அண்டை வீட்டார் வழக்கல்ல, வாடகை பாக்கி. 730 கோடி ரூபாய் என்றது அரசு. சரி, நிலம் பொதுமக்களுக்கு வரட்டும், பூங்கா வரட்டும். ஆனால் குதிரைக்குத் தீனி வைத்தவன், லாயம் கூட்டியவன், லாடம் அடித்தவன் என்ன ஆனான் என்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரியாக இருக்க வேண்டாமா? மைதானம் மூடினாலும் பட்டறை மூடினாலும் முதலாளிக்கு மனை மிஞ்சும். மனைக்கு விலையும் ஏறும். தொழிலாளிக்கு மிஞ்சுவது சுத்தியல் ஒன்றுதான்.

கையில் உள்ள ஆயுதம்

நம் கையில் ஒன்றுமே இல்லை என்று எண்ணவேண்டாம். பந்தய மைதானத்துக்காரர்கள் கேட்கிற மாதிரியான பாதுகாப்பை நம் நாட்டுச் சட்டம் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்திருக்கிறது. யாருக்கு? தெருவோர வியாபாரிக்கு! 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வாங்குவோரும் விற்போரும் வழக்கமாகக் கூடிவந்த இயல்பான சந்தையை, வியாபாரம் கூடாத பகுதி என்று அறிவிக்கக்கூடாது. 50 ஆண்டுகளுக்கு மேல் தெரு வியாபாரம் நடந்துவந்த சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அங்குள்ளவர்களை இடம் மாற்றக்கூடாது. நகர வியாபாரக் குழுவில் நூற்றுக்கு 40 பேராவது தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பூக்கூடை, காய்கறித் தட்டு, இஸ்திரி வண்டி என்று பிழைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! கணக்கெடுப்பில் பெயர் இருக்கிறதா, சான்று கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பட்டறை, மாவு மில், முறுக்குப் போடும் இடம், இங்கே ஆக்ரிக்கடை என்கிற பழைய இரும்புக்கடை, இவற்றில் வேலை செய்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலாளியிடம் கார்ப்பரேஷன் லைசென்ஸ் உண்டா, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதா என்று கேளுங்கள். கேட்பது அதிகப்பிரசங்கித்தனமல்ல, அந்தக் காகிதத்தின் மேல்தான் உங்கள் அடுப்பு எரிகிறது. லைசென்ஸ் இருந்தால் மட்டும் தப்பிவிட முடியாது என்று மில்டன்ஹால் சொல்கிறது. ஆனால் இல்லாவிட்டால் வாய் திறக்கவே முடியாது. பழைய வரி ரசீது, கரண்ட் பில், புகைப்படம் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. நம் இடம் எந்த வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் புதுக் கட்டிடத்துக்கு வேலை தொடங்கும்போதே, "இங்கே இன்ன தொழில் இத்தனை ஆண்டாக நடக்கிறது" என்று கார்ப்பரேஷனுக்கும் கட்டுபவருக்கும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். வக்கீலுக்குப் பணமில்லையே என்று மலைக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நாங்களும் தட்டினோம். நமக்கு எதிராக மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட மூதாட்டியின் வீட்டுக்கே போனோம். மகன் வளைகுடா நாட்டில் கட்டிட வேலை செய்து அனுப்பிய பணத்தில் வாங்கிய பிளாட் அது. அந்த அம்மா இதய நோயாளி. மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணயர விடாத சுத்தியலைத்தான் அவர் வெறுத்தாரே தவிர, நம்மை அல்ல. அவர் மகனும் எங்கோ ஒரு ஊரில் பிந்தி வந்தவன். அவனையும் அங்கே யாரோ ஒண்ட வந்தவன் என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். அதைச் சொன்னபோது அந்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

அதன்பின் உத்தரவும் மாறியது. காலை ஒன்பது முதல் ஐந்து வரை மட்டும் தகரம் தட்டுவது, மத்தியானம் ஒன்றரை மணி நேரம் சத்தமில்லாத வேலை, பெயிண்ட் அடிக்கத் தனி அறை, ஞாயிறு விடுமுறை என்ற நிபந்தனைகளோடு பட்டறை திறந்தது. பெயிண்ட் அறைக்கு ஆன செலவைச் சாக்குச் சொல்லி முதலாளி ஒருவரைக் குறைத்தார். ஆறு குடும்பம் ஐந்தாயிற்று. அந்த ஒரு குடும்பத்துக்கு மாற்று வேலை தேடும் பொறுப்பு இந்தச் சங்கத்தின் மேல் இருக்கிறது. அதைக் கொண்டாடி மறைக்க மாட்டோம். தோப்பை விற்று லாபம் பார்த்தவர் இதில் ஒரு பைசா கொடுக்கவில்லை என்பதையும் மறக்க மாட்டோம்.

ஆகவே நாம் கேட்பது பந்தய மைதானத்துக்காரர்கள் கேட்கும் கண்மூடிப் பாதுகாப்பை அல்ல. பழைய தொழிலுக்கு அருகில் புதிதாகக் கட்டுபவர், சத்தத்தையும் புகையையும் தடுக்கும் செலவை ஏற்க வேண்டும். பக்கத்தில் என்ன தொழில் நடக்கிறது என்பதை வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொழில் இடம் மாற வேண்டியே வந்தால், முதலாளிக்கு மட்டுமல்ல, தொழிலாளிக்கும் ஈடு வேண்டும். நிறுத்து என்று சொல்லும் முன் குறை என்று சொல்ல வேண்டும். இந்த நான்கையும் மனுவாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். வாசலில் மேசை போட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அந்த மூதாட்டியும் மலையாளத்தில் முதல் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்.